24 வால்வ் கம்மின்ஸ் டாட்ஜ் ராம்: லிஃப்ட் பம்பு போனால் எதைப் போடுவது?

1998-இன் நடுவிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்புகளில் இருப்பது 5.9 லிட்டர் கம்மின்ஸ் 24 வால்வ் டீசல் இன்ஜின். அமெரிக்காவிலும் கனடாவிலும் இவை இன்றும் டிரெய்லர் இழுக்கின்றன, பண்ணைகளில் வைக்கோல் கட்டு ஏற்றுகின்றன. இன்ஜின் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஆயில் மாற்றி ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் சில லட்சம் மைல் சலிக்காமல் ஓடும். இந்த வண்டிக்குச் சனி பிடித்த இடம் ஒன்றே ஒன்று: டேங்கிலிருந்து இன்ஜினுக்கு டீசல் வரும் வழி.

அந்த வழியில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. டேங்கிலிருந்து டீசலை இழுத்து வருவது லிஃப்ட் பம்பு. கார்ட்டர் நிறுவனத்தின் சின்ன மின்சாரப் பம்பு அது. இன்ஜினின் இடதுபக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேலே, பிளாக்கிலேயே மாட்டியிருப்பார்கள். அதனிடம் டீசலை வாங்கி உயர் அழுத்தத்தில் இன்ஜெக்டர்களுக்கு அனுப்புவது போஷ் விபி44. முதலாவது நூறு இருநூறு டாலர் சாமான். இரண்டாவது பழுதுபார்த்து விற்பதே ஆயிரம் டாலரைத் தாண்டும், மாற்றும் கூலி தனி. லிஃப்ட் பம்பு வாங்கப் போகிறவர் உண்மையில் விபி44-ஐ எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் முடிவு செய்கிறார். கீழே உள்ள ஒவ்வொரு பம்பையும் நான் அந்தக் கணக்கில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

இதற்கு முந்தைய 12 வால்வ் வண்டிகளில் இந்தக் கவலை கிடையாது. 1994 முதல் அவற்றில் இருந்த போஷ் பி7100 பம்புக்கு உயவு இன்ஜின் ஆயிலிலிருந்து வரும். லிஃப்ட் பம்பும் கேம்ஷாஃப்டே ஓட்டும் இயந்திரப் பம்பு. வயரும் இல்லை, ரிலேயும் இல்லை. விபி44 அப்படி இல்லை. அதன் வழியாக ஓடும் டீசல்தான் அதற்கு உயவு, அதுவேதான் குளிர்ச்சியும். அதன் தலையில் ஒரு எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சூட்டையும் இந்த டீசல்தான் எடுத்துப் போக வேண்டும். பம்புக்குத் தேவைக்கு மேல் வரும் டீசல் ஓவர்ஃப்ளோ வால்வ் வழியாக டேங்குக்குத் திரும்பும். அந்த வால்வ் திறப்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 14 பவுண்டு) அழுத்தத்தில். உள்ளே வரும் அழுத்தம் அதற்குக் கீழே இறங்கிவிட்டால் குளிர வைக்கும் ஓட்டம் சுருங்கிவிடுகிறது.

சங்கடம் என்னவென்றால், லிஃப்ட் பம்பு முழுக்கச் செத்துப்போனாலும் வண்டி ஓடும். விபி44-க்குள்ளேயே ஒரு சின்ன வேன் பம்பு (சுழலும் தகடுகளால் டீசலைத் தள்ளுவது) இருப்பதால் அது தானே டீசலை இழுத்துக்கொள்கிறது. டாஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. கம்பெனியிலிருந்து வரும்போது இந்த வண்டிகளில் டீசல் பிரஷர் கேஜே கிடையாது. காலையில் ஸ்டார்ட் ஆக இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றும், மேட்டில் டிரெய்லரோடு ஏறும்போது இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வயசாகிவிட்டது என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருப்போம். பிறகு ஒருநாள் பி0216 என்ற பழுதுக் குறியீடு வரும். டீசல் பாய்ச்சும் நேரத்தைக் (டைமிங்) கட்டுப்படுத்தும் பிஸ்டன் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் அதற்குப் பொருள்.

அதனால் பம்பு வாங்கும் முன் கேஜ் வாங்குங்கள். பம்பு எது என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறலாம். இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. விபி44-க்குள் டீசல் நுழையும் இடத்தில் உள்ள பேஞ்சோ போல்ட்டை (உள்துளை வழியாக டீசல் போகும் குழாய் இணைப்பு போல்ட்) கழற்றிவிட்டு, நடுவில் துளை போட்டு மரை வெட்டிய போல்ட் ஒன்றை மாட்டி, அங்கிருந்து எடுக்க வேண்டும். டீசலை நேராகக் கேபினுக்குள் கொண்டுவரும் கேஜ் வேண்டாம். குழாய் வெடித்தால் மடியில்தான் கொட்டும். சென்டர் (sender, அழுத்தத்தை மின் சைகையாக மாற்றும் உறுப்பு) வைத்த மின்சாரக் கேஜ் போதும். விபி44 துடித்துத் துடித்து இழுக்கும் என்பதால் சென்டருக்கு முன்னால் துடிப்பைத் தணிக்க ஒரு நீடில் வால்வோ ஸ்னப்பரோ வைத்து, சின்ன ஹோஸ் போட்டுத் தள்ளி மாட்டினால்தான் அது நீடிக்கும்.

கேஜை மாட்டிவிட்டு ஹைவேயில் ஏறும் சாய்வில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். ஐடிலில் 13, 14 காட்டிக்கொண்டிருந்த முள், கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு படி இறங்கும். நல்ல பம்பு 10-க்கு மேலேயே நிற்கும். போகப்போகிற பம்பில் முள் 8, 6, 4 என்று வழுக்கி, காலை எடுத்ததும் ஒன்றும் நடக்காததுபோல மேலே வந்து நின்றுகொள்ளும். நின்ற இடத்தில் மட்டும் சோதித்து, பம்பு நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் சொல்லிவிடுவது இதனால்தான். 10-க்குக் கீழே ஓட்டாதே என்பது இந்த வண்டிக்காரர்களிடையே பரவலாக உள்ள கணக்கு. நானும் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

முள் இறங்குகிறது என்பதாலேயே பம்பு மேல் பழி போட்டுவிடவும் கூடாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. டேங்கிலிருந்து வரும் குழாயின் கிளிப் இணைப்புகளில் ரப்பர் காய்ந்துபோய் ஏர் பிடிப்பதும் இந்த வயது வண்டிகளில் சகஜம். பம்புக்கு முன்னால் ஒரு அடி தெளிவான பிளாஸ்டிக் ஹோஸை தற்காலிகமாகப் போட்டு ஓடவிட்டால், குமிழ் வருகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். பம்பு கனெக்டரில் வோல்ட்டேஜ் சரியாக வருகிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டார்ட்டரை ஒரு நொடி தட்டிவிட்டுச் சாவியை ஆன் நிலையிலேயே விட்டால், ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பம்பை சுமார் 25 விநாடி ஓடவிடும். ஏர் எடுக்கவும் இதுதான் வழி, பம்பின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவும் இதுதான் சமயம். செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் ஈசிஎம் பம்பை வேண்டுமென்றே குறைத்துத்தான் ஓட்டும். அப்போது முள் தாழ்ந்தால் பயப்பட வேண்டாம்.

சரி, பம்புதான் போயிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. இனி என்ன போடுவது?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, இருந்த இடத்தில் இருந்ததையே மறுபடி போடுவது. பிளாக்கில் மாட்டும் கார்ட்டர் வகைப் பம்பு. விலை குறைவு, சாதாரண டூல்ஸ் போதும், கனெக்டர் அப்படியே பொருந்தும், ஒரு காலைப்பொழுதில் வேலை முடியும். சாலையில் நின்றுபோன வண்டியை வீடு கொண்டுசேர்க்க இதைவிட விரைவான வழி இல்லை. ஆனால் முதல் பம்பு ஏன் போனதோ அந்தக் காரணம் அங்கேயே இருக்கிறது. இவ்வகை வேன் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் பலவீனம். டேங்க் வண்டியின் பின்பக்கம், பம்பு இன்ஜினில். அத்தனை தூரத்தையும் அது உறிஞ்சித்தான் கொண்டுவர வேண்டும். போதாததற்கு இன்ஜின் சூடு, டீசல் இன்ஜினின் அதிர்வு. புதிதில் முள் நன்றாகத்தான் நிற்கும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. ஸ்பேர் ஒன்று வாங்கி டூல் பெட்டியில் போட்டுவைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் அதை விரும்பிச் செய்யவில்லை.

இரண்டாவது, டேங்குக்குள் வைக்கும் பம்பு. பிளாக் பம்புகள் தொடர்ந்து போனதால், விபி44 மாற்ற வந்த வண்டிகளுக்கு டீலர்களே பிற்பாடு இந்த மாற்றத்தைச் செய்து கொடுத்தார்கள். உறிஞ்சும் வேலையே இல்லை, டீசலுக்குள்ளேயே மூழ்கிக் குளிர்ந்து கிடக்கிறது, சத்தமில்லை. கேட்பதற்கு இதுவே சரியான விடை போலத் தோன்றும். முள்ளைப் பார்த்தால் கதை வேறு. ஐடிலிலேயே இது பெரும்பாலும் 10-க்குக் கீழேதான் காட்டும், அந்த 14 பி.எஸ்.ஐ. வால்வை இது நெருங்குவதே இல்லை. பழுதானால் டேங்கை இறக்க வேண்டும் அல்லது பின்பக்கப் பெட்டியின் போல்ட்டைக் கழற்றித் தூக்க வேண்டும். 2005 முதல் டாட்ஜ் தன் டீசல் பிக்கப்புகளில் டேங்க் பம்பையே வைத்தது உண்மை. ஆனால் 2003-லிருந்தே அந்த இன்ஜின்கள் காமன் ரெயிலுக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய் முறை) மாறிவிட்டன. அவற்றில் இருக்கும் போஷ் சிபி3 பம்பு குறைந்த அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். விபி44 பொறுக்காது. புது வண்டியில் சரியாக இருந்ததே என்று இதைப் பழைய வண்டிக்குப் பரிந்துரைப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. உங்கள் வண்டியில் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே இது ஏறியிருக்கலாம். பிளாக்கில் பம்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால் அதுதான் விஷயம்.

மூன்றாவது, ஃபாஸ் நிறுவனத்தின் டிஆர்பி போன்ற நேரடி மாற்றுப் பம்பு. பழைய இடத்திலேயே, பழைய குழாய்களோடு பொருந்தும். உள்ளே மோட்டாரும் பம்பும் கார்ட்டரைவிடக் கனமானவை. வேலை எளிது. ஆனால் அதே தூரத்திலிருந்து உறிஞ்சும், அதே சூட்டில் இருக்கும். விலை முதலாவதைப்போல இரண்டு மடங்கு வரலாம். வண்டியை மாற்றி அமைக்க மனமில்லாதவருக்கும், இன்னும் சில வருடத்தில் விற்கப்போகிறவருக்கும் இது நியாயமான தேர்வு.

நான்காவது வகையில்தான் என் மனம் நிற்கிறது. டேங்குக்குப் பக்கத்தில், சேஸி சட்டத்தில் மாட்டும் பம்பு. உறிஞ்ச வேண்டிய தூரம் ஓரிரு அடியாகக் குறைந்துவிடுகிறது. மீதித் தூரம் முழுவதும் தள்ளும் வேலை, அது இந்தப் பம்புகளுக்குக் கைவந்த கலை. இன்ஜின் சூடும் இல்லை. இதிலேயே இரண்டு தினுசு. ஏர்டாக் ராப்டர் போன்றவை வெறும் பம்பு மட்டும். கம்பெனி ஃபில்டர் இருந்த இடத்திலேயே வேலை செய்யும். ஃபாஸ் டைட்டானியம், ஏர்டாக் 4ஜி போன்றவற்றில் பம்போடு ஒரு நீர் பிரிப்பானும் ஃபில்டரும் சேர்ந்திருக்கும். டீசலில் கலந்துள்ள காற்றைப் பிரித்துத் திருப்பும் குழாய் வழியாக டேங்குக்கே அனுப்பிவிடும்.

காற்றுப் பிரிப்பதால் மைலேஜ் கூடும், இன்ஜின் சத்தம் குறையும் என்றெல்லாம் விளம்பரத்தில் படிப்பீர்கள். அதை வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன். இந்த வகையின் உண்மையான பலம் ஃபில்டரில் இருக்கிறது. பெரிய ஃபில்டர், தண்ணீரைத் தனியே பிடிக்கும் கிண்ணம், ஆயில் ஃபில்டர்போலத் திருகிக் கழற்றும் வசதி. பண்ணைத் தொட்டியிலிருந்து டீசல் போடுகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு, ஏனென்றால் அந்தத் தொட்டிகளின் அடியில் தண்ணீர் நிற்காத காலமே இல்லை.

ஆனால் குளிர்ப் பகுதியில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். இன்ஜின் மேல் இருக்கும் கம்பெனி ஃபில்டர் கூட்டில் டீசலைச் சூடாக்கும் ஹீட்டரும், தண்ணீர் வந்தால் விளக்கெரிக்கும் சென்சாரும் உண்டு. சட்டத்தில் ஃபில்டர் வந்துவிட்டது என்று பழையதைத் தூக்கி எறிந்தால் இரண்டும் போய்விடும். மின்னசோட்டாவிலோ மானிடோபாவிலோ ஜனவரி மாதம் டீசல் மெழுகாகத் திரண்டு, சட்டத்தில் வெட்டவெளியில் தொங்கும் ஃபில்டரை அடைத்துவிட்டால் எத்தனை வலுவான பம்பாக இருந்தும் பயனில்லை. அங்கே இருப்பவர் ராப்டர் மாதிரி வெறும் பம்பைப் போட்டு, கம்பெனி ஃபில்டர் கூட்டை வைத்துக்கொள்வதே நல்லது. டெக்சாஸிலோ அரிசோனாவிலோ இந்தக் கவலை கிடையாது.

இன்ஜின் முன்பக்கத்திலிருந்து பெல்ட் மூலம் ஓடும் இயந்திர லிஃப்ட் பம்புகளும் இந்த வண்டிக்கென்று வந்திருக்கின்றன. மின்சாரமே வேண்டாம் என்பதால் சிலர் அவற்றின் மேல் உயிராக இருக்கிறார்கள். பெல்ட் அறுந்தால் பம்பும் நின்றுவிடும், உதிரி பாகம் தேடி அலைய வேண்டும். தினசரி வேலைக்கு ஓடும் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

பம்பின் பெட்டியில் எழுதியிருக்கும் கேலன் கணக்கு பலரைத் திசைதிருப்புகிறது. மணிக்கு 95 அல்லது 100 கேலன் பம்பு, கம்பெனி அமைப்பில் உள்ள அல்லது லேசாக ட்யூன் செய்த வண்டிக்குத் தாராளம். 150, 165 எல்லாம் பெரிய இன்ஜெக்டர் போட்டுப் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு. அளவு பெரிதானால் பாதுகாப்பும் பெரிதாகும் என்று கிடையாது. அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாமல் 15-க்கும் 18-க்கும் இடையில் நிற்கும்படி அமைத்தால் விபி44-க்கு அதுவே போதும்.

பம்பைவிட அதைச் சுற்றிச் செய்யும் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில் வயரிங். கம்பெனி லிஃப்ட் பம்புக்கு மின்சாரம் ஈசிஎம்மிலிருந்து நேராக வருகிறது. பெரிய பம்பு இழுக்கும் கரண்டை அது தாங்காது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தனி வயர், நடுவில் ரிலே. பழைய பம்பின் கனெக்டர் அந்த ரிலேயைத் தட்டிவிட மட்டும்தான். நல்ல கிட்டுகளில் இந்த வயரிங் சேர்ந்தே வரும். காசு மிச்சம் பிடிக்க இதை விட்டுவிட்டு, பழைய கனெக்டரிலேயே பெரிய பம்பைச் செருகினால் ஈசிஎம் போய்விடலாம். அது விபி44-ஐவிடப் பெரிய தலைவலி.

அடுத்தது குழாய். கம்பெனிக் குழாய் முனைகளில் உள்ள பேஞ்சோ போல்ட்டின் உள்ளே டீசல் போகும் துளை மிகச் சின்னது. டீசல் அதற்குள் நுழைந்து, செங்குத்தாகத் திரும்பி, பக்கத்துத் துளை வழியே வெளியேற வேண்டும். ஒன்றைக் கழற்றிக் கையில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால், இத்தனை பெரிய இன்ஜினுக்கு இந்த வழியிலா டீசல் போகிறது என்று தோன்றும். டேங்கிலிருந்து விபி44 வரை அரை அங்குல ஹோஸும் நேர்வழி ஃபிட்டிங்குகளும் போட்டால், அதே பம்பிலேயே மேட்டில் முள் இறங்குவது கண்கூடாகக் குறையும். பேஞ்சோவை அப்படியே வைத்துக்கொள்வதாக இருந்தால் இரண்டு பக்கமும் புது வாஷர் போடுங்கள். பழைய வாஷர் கண்ணுக்குத் தெரியாமல் ஏர் உள்ளே விடும்.

மூன்றாவது, டேங்கில் எங்கிருந்து இழுப்பது. டேங்குக்குள் இருக்கும் கம்பெனி மாட்யூலில் உள்ள சின்னக் குழாய் சுமாரான பம்புக்குப் போதும். பெரிய பம்புக்கு மாட்யூலின் தலையில் துளை போட்டு அரை அங்குலக் குழாய் ஒன்றை இறக்குவார்கள். வேலை எளிதுதான், ஆனால் மாட்யூலின் அடியில் டீசலைத் தேக்கி வைக்கும் குவளை ஒன்று இருக்கிறது. புதுக்குழாய் அதற்கு வெளியே நின்றால், கால் டேங்குக்குக் கீழே வந்ததும் வளைவிலும் மேட்டிலும் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கிக் குழாய் காற்றை உறிஞ்சும். திரும்பி வரும் டீசல் நுரையோடு அந்தக் குழாய் அருகிலேயே விழுந்தாலும் இதே தொல்லைதான். சிலர் டேங்கின் அடியில் ஓட்டை போட்டு சம்ப் (டீசல் தேங்கும் கிண்ணம்) வைக்கிறார்கள். கடைசிச் சொட்டு வரை வரும். டேங்கின் கசடும் தண்ணீரும் முதலில் வந்து சேருவதும் அங்கேதான். காட்டுப்பாதையில் போகிற வண்டிக்கு அடியில் தொங்கும் சம்ப் எனக்குச் சரியாகப்படவில்லை. கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் டீசல் போட்டுக்கொள்வது செலவில்லாத வழி.

பணம் என்று பார்த்தால், சட்டத்தில் மாட்டும் கிட் மற்ற சாமான்களோடு சேர்த்து 500-லிருந்து 900 டாலர் வரை போகும். பிளாக் பம்போடு ஒப்பிட்டால் கையைக் கடிக்கும். ஆனால் பிளாக் பம்பை இரண்டு முறை மாற்றி, அதற்கிடையில் கவனிக்காமல் ஒரு விபி44-ஐயும் இழந்தவரின் கணக்கோடு ஒப்பிட்டால் இது மலிவு. டிரெய்லர் இழுக்கும், இன்னும் பல வருடம் வைத்திருக்கப்போகும் வண்டி என்றால் என் யோசனை 95, 100 கேலன் அளவிலான சட்டப் பம்பும், அரை அங்குலக் குழாயும், கேஜும். வெயில் பிரதேசத்தில் ஃபில்டரோடு சேர்ந்தது, பனிப் பிரதேசத்தில் ஃபில்டர் இல்லாதது. கையில் இப்போது பணம் இல்லையென்றால் பிளாக் பம்பையே போடுங்கள், கேஜை மட்டும் விட்டுவிடாதீர்கள். முள் 10-ஐத் தொட்டதும் அடுத்த பம்பை ஆர்டர் செய்துவிடலாம். டேங்க் பம்பு ஏற்கெனவே வண்டியில் இருந்தால், விபி44 நன்றாக இருக்கும்போதே அதை மாற்றிவிடுவது நல்லது.

பம்போடு சேர்த்து டீசலைப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் 2006 முதல் கந்தகம் 15 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 15 பங்கு) இருக்கும் டீசல் வந்தது. கந்தகத்தை நீக்கும் முறையில் டீசலின் இயல்பான வழவழப்பும் குறைகிறது. எண்ணெய்க் கம்பெனிகள் அதை ஈடுகட்ட மருந்து சேர்க்கின்றன, இருந்தாலும் டீசலையே உயவாக நம்பியிருக்கும் விபி44-க்கு ஒவ்வொரு டேங்குக்கும் நல்ல உயவு மருந்து கொஞ்சம் சேர்ப்பதை நான் பழக்கமாக வைத்திருக்கிறேன். அழுத்தக் குறைவை அது சரிசெய்யாது.

புதுப் பம்பை மாட்டியபின் நேராகச் செல்ஃப் அடிக்க வேண்டாம். ஸ்டார்ட்டரைத் தட்டி அந்த 25 விநாடி ஓட்டத்தை நாலைந்து முறை கொடுத்து ஏர் முழுக்க வெளியேறட்டும். செல்ஃபை ஒரே மூச்சில் 30 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஆறவிட்டு மறுபடி பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஒவ்வொரு இணைப்பையும் பேப்பர் டவலால் துடைத்துப் பார்த்து, அப்புறம் அதே சாய்வில், முடிந்தால் டிரெய்லரோடு, முழு ஆக்சிலரேட்டரில் முள்ளைப் பாருங்கள்.

பி0216 ஏற்கெனவே வந்துவிட்ட வண்டிக்கு லிஃப்ட் பம்பு மட்டும் மருந்தாகாது. அந்தக் குறியீட்டை அழித்துவிட்டால் சில நாள் வராமல் இருக்கும். தேய்ந்த பிஸ்டன் திரும்ப வளரப்போவதில்லை. அந்த நிலையில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், அதிலும் லிஃப்ட் பம்பை முதலில் மாட்டி அழுத்தம் சரியாக இருப்பதைக் கேஜில் பார்த்த பிறகே புது விபி44-ஐ ஏற்றுங்கள். விபி44 விற்பவரிடம் வாரண்டி விதிகளையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பம்புக்குள் நுழையும் டீசலின் அழுத்தம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தால், உங்கள் கேஜ் காட்டும் எண்ணை போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்வது நல்லது.